எழுத்துத் தெரியாத வாசகர்கள்

புஸ்தகத்துக்கு எதிரி கரையான்னு சொல்றவங்க, நாலு வயசுப் பிள்ளைங்க கையில அதைக் குடுத்துப் பார்த்தது இல்லை.

மந்தைவெளிப் பக்கம் ஒரு வாசகசாலையில நான் அட்டெண்டர். படிச்சதெல்லாம் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல. சண்டைக்காலம், காயிதமே கிடைக்காது. அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடம் போகாத வாண்டுகளுக்குன்னு ஒரு ஜமுக்காளம், இருபது படப் புஸ்தகம், தினம் சாயந்திரம் ஒரு கதைன்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. கதை சொல்ல ஆள்? நான்தான்.

காரியதரிசி ரிட்டயரான வக்கீல். அவருக்கு இது பிடிக்கல. "எழுதப் படிக்கத் தெரியாத கொழந்தேளுக்குப் புஸ்தகம் எதுக்குடாப்பா? மாசக் கடைசியில வந்து பார்ப்பேன். பிரயோஜனம் இல்லேன்னா ஜமுக்காளத்தைச் சுருட்டிடு"ன்னுட்டார். சுருட்டினா எனக்கு நிம்மதி. ஆனா மூணு மணிக்கே வந்து வாசப்படியில குந்திக்கினு இருக்கிற அதுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? வீட்டுல வாண்டு வெச்சிருக்கிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதலைக்கு விபூதி

சரஸ்வதி பூஜை வந்துது. பூஜையில புஸ்தகம் வைக்கணுமே, வாங்கிப் போனவங்க எல்லாரும் நம்ம புஸ்தகத்தையே வெச்சிட்டாங்க. திரும்பி வந்ததுல ஏழு புஸ்தகம் பூரா சந்தனம், குங்குமம். ஒண்ணுல முதலை நெத்தியில மூணு பட்டை விபூதி.

"என்னம்மா இது?"ன்னு கொண்டுவந்த மாமியைக் கேட்டேன்.

"எங்காத்துக் கொழந்தை தன் கையாலேயே இட்டு விட்டிருக்கான். துடைச்சுக்கிடைச்சு வெச்சுடாதே!"

வாளித் தண்ணி

பஜ்ஜி எண்ணெய்க் கையோட பக்கத்தைத் தொடுதுங்களேன்னு வராந்தாவுல ஒரு வாளித் தண்ணி வெச்சேன். "சுத்தமா கழுவிட்டுத்தான் புஸ்தகம்"னு தினம் கத்தினேன். நாலாவது நாள், பூக்காரம்மா பையன் கையைக் கழுவினான். அப்புறம் புஸ்தகத்தையும் முக்கிக் கழுவிட்டான். அதைக் கொடியில காயப் போட்டுட்டு, அவங்க அம்மாகிட்ட நியாயம் கேட்கப் போனேன்.

"நீதானே நைனா, கழுவு கழுவுன்னு சொல்லிக்கினு கீறே? புள்ள சொன்ன பேச்சு கேட்டுதா இல்லியா, அத்தச் சொல்லு!"

பரீட்சை

மாசக் கடைசி. காரியதரிசி வந்து ஜமுக்காளத்து ஓரமா நாற்காலி போட்டு உக்காந்தார். தேனாம்பேட்டைத் தையக்காரர் பொண்ணு ஜைனபுக்கு நாலு வயசு. அதுகிட்ட யானைப் புஸ்தகத்தை நீட்டி, "எங்கே, படி பார்ப்போம்"னார். அதுக்கு அ, ஆ கூடத் தெரியாது. முடிஞ்சுதுடான்னு நினைச்சேன்.

ஜைனப் புஸ்தகத்தை மடியில விரிச்சுது.

"ஒரு காட்டுல ஒரு யானை இருந்துச்சி. டேய், பக்கத்தை நக்காதே! யானைக்குத் தாகம் எடுத்துச்சி. மூக்குல இருந்து விரலை எடு! யானை குளத்தைத் தேடிப் போச்சி. கடவுளே, அஞ்சு மணி எப்போதான் அடிக்குமோ!"

படத்துக்குப் படம் கதை சரி. ஒவ்வொரு பக்கத்தையும் மூலையில புடிச்சி, கசங்காம புரட்டுது. என் அதட்டல் வர்ற இடத்துல மத்த பிள்ளைங்களும் சேர்ந்து கத்துதுங்க. அதுவும் புஸ்தகத்துல அச்சடிச்சிருக்குன்னுதான் எல்லாத்துக்கும் நினைப்பு. நான் தலையே தூக்கல.

காரியதரிசி அங்கவஸ்திரத்தால வாயைப் பொத்திக்கினார். தோள் மட்டும் குலுங்குது. எழுந்து போறப்போ வாசல்ல நின்னு திரும்பினார்.

"ஜமுக்காளம் இருக்கட்டும். அடுத்த கதையிலயாவது யானைக்குக் கொஞ்சம் எடம் விடுடாப்பா!"

இப்படியாக, நான் போட்ட கூச்சலாலேயே அந்த ஜமுக்காளம் பிழைச்சு, என் சாயந்திரமெல்லாம் அதுலயே போச்சு.