கலவன்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாந்தோம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்டவள் பயிர் இனப்பெருக்கம் படித்து, கேழ்வரகில் புது ரகம் உண்டாக்கும் வேலையில் வந்து மாட்டிக்கொண்டேன். ஒரு ரகம் உருவாக எத்தனை வருஷம் ஆகும் என்று யாராவது கேட்டால் எரிச்சல் வரும். மெட்ரோ தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ்ஸுக்கே எனக்குப் பொறுமை கிடையாது. பாதி நாள் மந்தைவெளியில் இறங்கி அடையாற்று அலுவலகம் வரை நடந்தே போய்விடுவேன்.

எங்கள் அலுவலகத்தின் பின்புறம், ஆற்றை ஒட்டி, நாலு பாத்திகள் உண்டு. முதல் மூன்றில் நன்றாக விளைகிற ஒரு ரகத்தை விதைக்காகப் பெருக்கினோம். அதன் தண்டு, கணு எல்லாம் பச்சை. விளைச்சலில் குறை சொல்ல முடியாது, ஆனால் குலைநோய் வந்தால் கழுத்தொடிந்து கதிர் சாய்ந்துவிடும். எல்லா வயலிலும் இந்த ஒன்றையே போட்டால், ஒரே நோய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். மலையிலிருந்து வந்த பழைய ரகம் ஒன்றும் எங்களிடம் இருந்தது. விளைச்சல் சொற்பம், நோய் மட்டும் கிட்டே வராது. அதன் கணு சிவப்பு. தி.நகரில் துணிக்கடை வாசலில் கேழ்வரகு பிஸ்கட் வாங்குகிறவருக்கு எல்லாம் ஒரே கேழ்வரகுதான். எனக்கோ அந்த விளைச்சலையும் நோய் தாங்கும் குணத்தையும் ஒரே செடியில் கொண்டுவர வேண்டும்.

கேழ்வரகுக்கு அதில் சம்மதம் இல்லை. பூ அவ்வளவு சிறியது. வெளி மகரந்தம் வருவதற்குள் தனக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். பூக்கும் முன் இரண்டு ரகத்தின் கதிர்களையும் சேர்த்துக் கட்டி, காகித உறை மாட்டிவிட்டுக் காத்திருப்பதுதான் நாங்கள் செய்கிற வழி. பச்சைத் தாயிடம் கிடைத்த விதையை முளைக்கவைத்தால் ஏறக்குறைய எல்லாமே பச்சையாக வரும். எங்காவது ஒரு நாற்றின் கணுவில் சிவப்பு தெரிந்தால் அதுதான் உண்மையான கலப்பு. அப்பன் வந்துபோனதற்கு அத்தாட்சி.

இரண்டு பருவம் அப்படி ஒன்றுகூட வரவில்லை. மூன்றாவது பருவமும் இல்லையென்றால் இந்த வேலையை மூடிவிடலாம் என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். அதோடு என் வேலையும் முடியும். நாலாவது பாத்தியில் இருநூறு நாற்று நட்டிருந்தேன். ஒரு மாலை, கிளம்பப் போகும் நேரத்தில், அதில் மூன்றின் கணு சிவந்திருப்பதைப் பார்த்தேன். அடையாளத்துக்கு மூன்றிலும் அட்டை கட்டியிருக்க வேண்டும். அட்டை எடுக்க மாடிக்குப் போக வேண்டும், காலோ தரையில் நிற்கவில்லை. நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சந்தோஷத்தில் வீடு வரைக்கும் நடந்தேன்.

பாத்தி வேலைக்கு ஓர் அக்கா வருவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முன்பு அந்த ஆற்றங்கரையிலேயே குடியிருந்தவர். குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்த பிறகு, இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். விதைப் பாத்தியில் வேறு ரகச் செடி ஒன்று தலைகாட்டினால் அதற்குக் 'கலவன்' என்று பெயர். அதை விட்டுவைத்தால் விதை கெட்டுப்போகும். "கணு செவப்பா இருந்தா கலவன். யோசிக்காம பிடுங்கிப் போடுங்கக்கா" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அவர் கண்ணுக்குக் கலவன் தப்பியதே இல்லை.

மறுநாள் காலை பஸ் மந்தைவெளியில் நகராமல் நின்றது. அன்றைக்கு யாரோ பார்வையாளர்கள் வருவதாக இருந்தது. நான் பரபரத்துப் போய் அக்காவுக்குப் போன் செய்தேன். "பாத்தியெல்லாம் சுத்தமா இருக்கணும்கா. எல்லாப் பாத்தியிலயும் கலவன் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எல்லா என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நாலாவதை நினைத்து நான் சொல்லவில்லை. அதை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நாலாவது பாத்தி ஒரே பச்சையாக இருந்தது. மூன்று இடத்தில் குழி. மூன்று நாற்றும் வரப்பில் வெயிலில் துவண்டு கிடந்தன. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அக்கா இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னா மேடம், நீ தான போன்ல சொன்ன? எல்லா பாத்திலயும் எடுத்துடுனு. செவப்பு கணு கீது, புடுங்கினேன்."

சத்தம் கேட்டுத் தலைவர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் அறையில் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கலப்பு கிடைத்தது என்றேன், போய்விட்டது என்றேன். "யார் பிடுங்கினது?" என்று கேட்டார்.

"தோட்ட வேலைக்கு வர்ற அக்கா, சார். தெரியாம பிடுங்கிட்டாங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது. "நாளையிலேர்ந்து வேற ஆளை வரச் சொல்லிடலாம்" என்றார் தலைவர். நான் சும்மா நின்றேன். போன் பேசியதை அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் வெளியே போகிற ஆள் நானாகிவிடுவேனோ என்ற பயம். அன்றைக்கு மதியம் சாப்பிடப் பிடிக்காமல் ஆழ்வார்பேட்டை வரை நடந்து, அங்கே என்ன வேலை என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை நாலாவது பாத்திக்குப் போனபோது, மூன்று குழியிலும் மூன்று நாற்றும் நட்டிருந்தது. இலை நுனிகளைக் கிள்ளிவிட்டு, வேரைச் சுற்றிச் சேற்றை அப்பி, வெயில் படாமல் மேலே ஓர் உடைந்த முறத்தைச் சாய்த்து வைத்திருந்தது. அக்கா வரவில்லை. இரண்டு நாற்று கருகிப் போயின. ஒன்று இலை விட்டது.

அந்த ஒன்று வளர்ந்து, தூர்கட்டி, கதிர் வாங்கி, விதை தரும் வரை நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒரு நாளைக்கு ஆறு தடவை போய்ப் பார்ப்பேன். ஆனால் செடி தேறத் தேற என் நிம்மதி கெட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடம் எனக்குத் தெரியும். பூசையில் எல்லாரோடும் சேர்ந்து 'என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொள்ளும்போது கை பாதியில் நின்றுவிடும். விதை எடுத்த அன்றைக்குத் தலைவர் கைகொடுத்துப் பாராட்டினார். வேலை தொடரும் என்றார். அப்போதுதான் போன் விஷயத்தைச் சொன்னேன். "செடிதான் பொழைச்சிருச்சே, இப்ப எதுக்கு அது? வேணும்னா அவங்களையே வரச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டார்.

அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. போனில் சொல்லத் தைரியம் இல்லை. பெரும்பாக்கத்துக்கே போனேன். பக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்பில் தோட்ட வேலை செய்கிறார் என்றார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அந்த செவப்பு கணு பொழைச்சிச்சா?"

"ஒண்ணு பொழைச்சிருச்சு. விதை எடுத்தாச்சுக்கா."

"ஒண்ணு தானா" என்று உதட்டைப் பிதுக்கினார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். "சார் கேட்டப்ப உங்களைக் கை காட்டிட்டேன்கா. நான் போன்ல சொன்னதை மறைச்சிட்டேன்."

"தெர்யும். நீ சொல்லசொல்லோ நான் கதவாண்ட தான் நின்னுக்கினு இருந்தேன்."

அப்படியென்றால், எல்லாவற்றையும் கேட்ட பிறகு போய்த்தான் அதை நட்டிருக்கிறார். "கேட்டுட்டுமா அதைத் திரும்ப நட்டீங்க?" என்றேன்.

"செடி இன்னா பண்ணுச்சு? அது மேல எனக்கு இன்னா கோவம்?"

அந்தப் பதிலில் என் மனம் அவசரமாக லேசானது. சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப திரும்பி வந்துடுங்கக்கா. சார்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். வரச் சொல்லிட்டார்."

அவர் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, குழாயை அடுத்த செடிக்குத் திருப்பினார்.

"வர மாட்டேன் மேடம். செடி மேல தான் கோவம் இல்லனு சொன்னேன்."