கூரையில் ஒரு ஓட்டை

பூ ஏற்றுவதற்கென்று எங்கள் வீட்டுக்காரர் வாங்கிய புது பிக்கப் வண்டியின் கூரையில் நான் டிரில்லரை வைத்ததும், அவர் அலறிவிட்டார். "புது வண்டி மண்டையில ஓட்ட போடுறியே, மழை பேஞ்சா ஒழுகாதா?" கோபத்தோடு நாகல் நகர் டீக்கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் முகம் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. ஓட்டையில் ஆன்டெனாவைப் பொருத்தினேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒயர் இழுத்து, டேஷ்போர்டுக்குக் கீழே ரேடியோவைத் திருகி முடுக்கினேன்.

அன்று சாயங்காலம் அவரும் நானும் பூ ஏற்றப் போனோம். விண்வெளி நிலையம் எங்கள் தலைக்கு மேலே கடக்கும் நேரம் பார்த்து, காட்டோரம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அதில் இருக்கும் விண்வெளி வீரர்களிடமும் ஹாம் ரேடியோ உண்டு. மைக்கில் என் அழைப்புப் பெயரைச் சொன்னேன். வெறும் இரைச்சல். மறுபடியும் சொன்னேன்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் என் அழைப்புப் பெயரைத் திருப்பிச் சொல்லி, ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது.

"யாரு, மதுரைக்காரரா?" என்றார் இவர்.

நான் விரலை மேலே காட்டினேன். மங்கிய வானத்தில் சிமிட்டாத ஒரு வெளிச்சப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. இவர் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அது மறையும்வரை அண்ணாந்தே நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து கூரையைத் தடவினார்.

"ஒழுகுனா ஒழுகிட்டுப் போகுது."

ஐப்பசியில் ஒழுகத்தான் செய்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டினாரே தவிர, அடைக்கச் சொல்லவில்லை. மேலிருந்து சொட்டு விழும்போதெல்லாம், அந்தக் குரல் இறங்கி வந்த வழி இதுதானே என்று நினைத்துக்கொள்கிறேன்.