துஷ்டி கேட்கப் போன வீட்டில்

கொரோனா இரண்டாம் அலையில் என் நண்பர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகாவிட்டால் உறவே அறுந்துவிடும். கூட்டம் கூடாதென்று அரசாங்கம் சொல்லியும் ஏழு பேர் நண்பரின் ஊரான சீவலப்பேரிக்குக் கிளம்பினோம். ஏழு பேருக்கும் முகக்கவசம் இருக்கிறதா என்று எண்ணிச் சரிபார்த்தேன். அது போதுமென்று நினைத்தேன்.

நண்பரின் மனைவி கேட்டைப் பூட்டிவிட்டு வாசற்படியில் நின்றார். எனக்குச் சுருக்கென்றது.

"என்ன மதினி, எங்களைப் போயி வெளிய நிறுத்துதிய?"

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. எனக்கும் காய்ச்சல் அடிக்கு. நீங்க அங்கன நின்னு அழுதுட்டுப் போங்க. நான் இங்கன இருந்து அழுதுக்கிடுதேன்."

"நாப்பது வருசப் பழக்கம், திறக்கச் சொல்லும் வே" என்று கூட வந்தவர் என்னை இடித்தார். நான் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். மதினி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

கட்டிக்கொண்டு அழ ஒருவரும் இல்லாமல் அவர் தனியாக அழுததைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் அவரைக் குறைதான் சொன்னேன்.

பத்தாம் நாள் அவரும் போய்விட்டார். கேட்டுக்கு வெளியே நின்ற ஏழு பேரில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

அவருக்குத் துஷ்டி கேட்க நான் போகவில்லை. என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருந்தே அழுதேன்.