வெடி வைத்துப் பார்த்த காது

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, ஒரு கை அளவு உடம்போடு எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்கு வந்து சேர்ந்தாள். அனுப்பும்போது டாக்டரம்மா கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். குறைமாதப் பிள்ளை, கண்ணையும் காதையும் தவணை தவறாமல் பார்க்க வேண்டும், காதுச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்த நோட்டு என் மாமனாருக்குப் பிடிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷமாகப் போர்மேன். புதிதாகச் செய்த வெடியை வெடித்துப் பார்த்து, சத்தம் தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. அந்த வேலையில் அவருடைய வலது காது எப்போதோ போய்விட்டது. இடது காதிலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். இந்தப் பெரிய மனிதர்தான் என் மகளின் காதைச் சோதித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் அணுகுண்டு வெடி ஒன்றைப் பற்றவைத்தார். தொட்டிலில் கிடந்தவளுக்கு உடம்பே தூக்கிப்போட்டது. வீறிட்டு அழுதாள். மாமனார் ஊரையே ஜெயித்தவர் மாதிரி உள்ளே வந்தார்.

"கேட்டுச்சா இல்லையா? இதுக்குப் போயி மதுரைக்கு எதுக்குத் தாயி அலையணும்?"

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். தீபாவளி சீசன் நேரம், கம்பெனியில் லோடு நிற்கிறது, லீவு கிடைக்காது என்றார். அவர் அப்பா சொல்லி அவர் ஆட்டாத நாள் ஏது? நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. நோட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போனது.

ஆனால் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவளிடம் ஓர் அசைவும் இருக்காது. முகத்தைக் கண்டால்தான் சிரிப்பாள். ஒரு நாள் அவள் கண்ணில் படாமல் தலைமாட்டில் நின்று கூப்பிட்டேன். தம்ளரில் கரண்டியால் தட்டினேன். அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் யாரிடமும் கேட்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு சாத்தூர் போய் மதுரை பஸ் ஏறினேன். அப்போது அவளுக்கு ஆறு மாதம். அவளைத் தூங்கவைத்து, நெற்றியில் ஒயர் ஒட்டி, காதுக்குள் சத்தம் விட்டுப் பார்த்தார்கள். வெடிச் சத்தத்துக்கு வீறிட்டு அழுதாளே என்று நான் இழுத்தேன்.

"வெடி கேக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "நீங்க பேசுறதுதான் கேக்காது."

நான் பாடிய தாலாட்டெல்லாம் சுவருக்குத்தான் போயிருக்கிறது. சாத்தூர் வரும்வரை அழுதேன். அழுது முடித்தபின் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் வந்தது. நல்ல பிள்ளைக்கு மிஷினை மாட்டிக் கெடுக்கிறாள் என்று மாமனார் தெரு முழுக்கச் சொன்னார். அவர் ரகசியம் சொன்னாலே தெருவுக்குக் கேட்கும். நான் தினமும் தம்ளரும் கரண்டியுமாக அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

ஒன்றரை வயது நெருங்கும்போது, ஒரு காலையில் மாமனார் மடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். தெருமுனைக்கு அப்பால் பால்காரரின் சைக்கிள் மணி அடித்தது. அவள் விளையாட்டை விட்டுவிட்டு வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். மாமனாரும் பார்த்தார். தெரு காலியாகக் கிடந்தது.

"ஏ தாயி, பிள்ளை அங்கன என்னத்தப் பாக்குது?"

பால் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.