வசந்தா அக்கா சிரித்த இடம்

இன்று மேசை இழுப்பறையைத் துப்புரவாக்கும்போது ஒலிவாங்கிக்கு மாட்டும் பழைய பஞ்சுத் தொப்பி ஒன்று அகப்பட்டது. முகர்ந்து பார்த்தேன். ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம். இத்தனை வருடம் மணம் நிற்குமா என்று கேட்காதீர்கள். வானொலிக்காரர்களுக்கு மூக்கும் கொஞ்சம் கற்பனை செய்யும்.

பாரிஸில், ரூ காய் என்ற தெருவில் இருந்த வசந்தா அக்காவின் புடவைக் கடையில் அந்த மணம்தான் இருக்கும். அவர் பிளவுஸ் தைக்கும் பின்னறைக்கும் பக்கத்து உணவகத்தின் சமையலறைக்கும் ஒரே சுவர். நான் அப்போது எந்த நிலையத்திலும் வேலையில் இல்லை. சொந்தமாக ஒரு ஒலிப்பதிவுக் கருவி, தலை நிறைய யோசனைகள். அவற்றைப் பொது வானொலி ஒன்றிடம் கொண்டுபோய் விற்கப் பார்ப்பதுதான் தொழில். இரண்டு யோசனைகள் ஏற்கெனவே திரும்பி வந்திருந்தன. மூன்றாவதும் திரும்பினால் பழையபடி உணவகத்தில் கோப்பை கழுவப் போவதென்று முடிவு.

மூன்றாவது, அக்காவின் கடையைப் பற்றியது. நிகழ்ச்சிப் பொறுப்பாளரான பிரெஞ்சு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது. ஆனால் போர் எங்கே?" என்றார். அக்கா முல்லைத்தீவிலிருந்து வந்தவர் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "அதைப் பற்றி நான் கதைக்கமாட்டன், பிள்ளை. பிளவுஸைப் பற்றிக் கேள், விடிய விடியச் சொல்லுறன்."

அந்த நேரம் புறநகரான சார்செலிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பதிவு செய்யலாமா என்று கேட்டேன், தலையாட்டினார்கள். மகளின் கலியாண பிளவுஸ். "முதுகை இவ்வளவு கீழை இறக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?" என்று தாய். "என் முதுகு, என் கல்யாணம்," என்று மகள் பிரெஞ்சில். இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். "கோயிலுக்கு அம்மா சொன்னமாதிரி ஒண்டு, பார்ட்டிக்கு மகள் சொன்னமாதிரி ஒண்டு. ரெண்டாத் தைப்பம்," என்று அக்கா சிரித்தார். அறை அதிரும் சிரிப்பு.

அதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத பொறுப்பாளர் அம்மா அந்தச் சிரிப்பு வந்ததும் தானும் சிரித்துவிட்டார். "போர் வேண்டாம். இதையே செய்யுங்கள்."

ஒலிபரப்பான பின்னேரம் கடைக்குள் நிற்க இடமில்லை. புடவை வாங்க வந்தவர்கள், பக்கத்துச் சமையல்காரர்கள், எல்லோரும் ஒரு சின்ன ரேடியோவைச் சுற்றி. அக்காவின் தமிழ் இரண்டு வார்த்தை கேட்டது. பிறகு அதன்மேல், அதை மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரு பிரெஞ்சு நடிகையின் குரல் ஏறிக்கொண்டது. முடிந்ததும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் யோசித்தபடி நின்றார்.

"அந்தப் பொம்பிளை வடிவாத்தான் கதைக்கிறா. ஆனா அந்த இடத்திலை நான் சிரிச்சனான் எல்லே?"

"ஓம் அக்கா," என்றேன்.

அதன்பிறகு எந்த நிகழ்ச்சியைக் கொண்டுபோனாலும் ஒரு நிபந்தனை வைத்தேன்: சிரிப்பின்மேல் யாரும் பேசக்கூடாது. சிலர் ஒத்துக்கொண்டார்கள். சிலர் திரும்பக் கூப்பிடவேயில்லை.

அக்கா இப்போது லண்டனில், தன் மகளோடு. கடை இருந்த இடத்தில் கைபேசி திருத்துகிறார்கள். வானொலியில் அந்த நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். நான் இன்னமும் இப்படியான ஒலிக்கதைகளை இணையத்துக்காகச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், ரயிலில், ஆளுக்கு ஆள் காதில் மாட்டிக்கொண்டு. "சத்தம் போடாதேங்கோ, அக்கா கதைக்கிறா" என்று அன்றைக்குக் கடையில் ஒருவரையொருவர் அதட்டிய அந்தக் கூட்டம்தான் இல்லை.