அப்பாவும் அம்மாவும் ஏறாத மலை

எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிகளில் துவைத்த பிறகும் ஈர சிமெண்ட் வாசனை இருக்கும். ஸ்கூல் யூனிஃபார்மில்கூட அது ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுருக்கினால் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்...

அப்பா மேஸ்திரி. அம்மா அவருக்கு சித்தாள். கேளம்பாக்கத்தில் ஃபிளாட் கட்டும் இடங்களில் இருவருக்கும் சேர்ந்தேதான் வேலை. அம்மா கீழேயிருந்து செங்கல்லை வீசுவார்கள். சாரத்தில் நிற்கும் அப்பா பேசிக்கொண்டே பிடிப்பார். வேலை இடத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அவர் அம்மாவுக்கு 'மேஸ்திரி'தான்.

நான் எட்டாவது படிக்கும்போது சாரக் கயிறு அவிழ்ந்து அப்பா கீழே விழுந்தார். இடுப்பிலும் வலது காலிலும் முறிவு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கம். தூக்குச்சட்டியோடு நானும் அம்மாவும் பஸ்ஸில் போவோம். வழியில் திருக்கழுக்குன்றம் மலை வரும். ஒரு நாள் காலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா வாய்விட்டே வேண்டிக்கொண்டார்கள்.

"சாமி, எம் மேஸ்திரி எழுந்து நடந்தா போதும். ரெண்டு பேரும் ஜோடியா படியேறி வந்து உன்ன பாக்குறோம்."

பக்கத்து சீட்டில் இருந்த அக்கா கேட்டார், "கால் ஒடஞ்ச மனுசனுக்கு எதுக்கும்மா படியேறுற வேண்டுதலு? மொட்ட கிட்ட போட்டுக்கலாம்ல?"

"லேசா ஒண்ணு சொன்னா சாமி எப்டிக்கா குடுப்பாரு..."

அப்பா வீட்டுக்கு வந்தார். ஆனால் எழுந்து நடக்க ரொம்ப நாள் ஆனது. அம்மா வேறொரு மேஸ்திரியிடம் வேலைக்குப் போனார்கள். அப்பா காலை நீட்டி உட்கார்ந்தபடியே சமைக்கக் கற்றுக்கொண்டார். முதல் நாள் வைத்த குழம்பை அம்மா கரண்டியில் தூக்கிப் பார்த்தார்கள்.

"இன்னா மேஸ்திரி இது, கொழம்பா கலவையா? நாலு செங்கல் எடுத்தாரட்டா?"

"துண்ணுட்டுப் பேசு அஞ்சல. செவுரு நிக்கிதா இல்லியான்னு அப்பால பாக்கலாம்."

அம்மா அந்தக் குழம்பில் இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார்கள்.

தினமும் காலையில் அப்பா தன் பழைய லுங்கித் துணியைச் சுருட்டி சும்மாடு செய்வார். கலவைச் சட்டி அழுத்துமே, அம்மாவுக்குத் தலை நோகுமே என்று. கொஞ்சம் கெட்டியாகப் போனாலும் பிரித்து மறுபடி சுருட்டுவார். அதை அம்மாவின் சாப்பாட்டுப் பை மேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். தலைக்கு அவ்வளவு பார்த்தவர் முட்டிக்குப் பார்க்கவில்லை. நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

அப்பா வாக்கர் பிடித்து நடந்தார். அப்புறம் கைத்தடி. ஒவ்வொரு சித்திரைக்கும், "இந்த வாட்டி ஏறிடலாமா அஞ்சல?" என்பார். அம்மாதான் தள்ளிப்போடுவார்கள். "இன்னும் கொஞ்சம் நல்லாவட்டும் மேஸ்திரி. அவசரப்பட்டு மறுபடி வுழுந்து வெச்சா?"

நீ மட்டும் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வாயேன் என்று சித்தி சொன்னதற்கு அம்மா கோபித்துக்கொண்டார்கள். "ஜோடியா வரேன்னு சொல்லிட்டு ஒண்டியா போய் நின்னா, மேஸ்திரி எங்கன்னு சாமி கேக்க மாட்டாரா?"

இதற்குள் நான் பொத்தேரி பக்கம் ஒரு காலேஜில் டிகிரி முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி. வேலையும் கிடைத்தது. அம்மாவை சித்தாள் வேலையிலிருந்து நிறுத்தினேன். அந்த சந்தோஷத்தில் இந்த சித்திரையில் அப்பா ஒரே பிடிவாதமாகக் கிளம்பினார்.

மலையடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டு மூவரும் ஏறினோம். அப்பா கைத்தடி ஊன்றி, ஒவ்வொரு படியாக, நிதானமாக... நன்றாகவே ஏறினார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் முதலில் திரும்பிப் பார்த்தார்.

அம்மா வெகு கீழே ஒரு படியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு முட்டியையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு.

நாங்கள் இறங்கி வந்ததும், "மூச்சு வாங்குது, அவ்ளோதான்," என்றார்கள். எழுந்து நிற்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

"எத்தினி நாளா இப்டி கீது?" என்று கேட்டார் அப்பா.

"கீது... ஒரு ரெண்டு மூணு வருசமா. உன் காலு ஆவட்டும்னு பாத்துகினு இருந்தேன்."

பின்னால் வந்த ஒரு தம்பி, "அம்மாவ நான் தூக்கினு வரட்டா அண்ணாத்த?" என்று நல்ல மனசோடுதான் கேட்டான். அம்மா சிரித்தார்கள். "தூக்கினு போற நாளு தனியா வரும்பா. இன்னிக்கு வாணாம்." பிறகு அப்பாவிடம், "நீ போய்ட்டு வா மேஸ்திரி. நான் இங்கியே கீறேன்," என்றார்கள்.

அப்பா போகவில்லை. கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு அதே படியில் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கேயே கற்பூரம் ஏற்றினோம். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை அப்பா கையைக் குவித்து மறைத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அம்மாவின் முட்டிக்கு டாக்டரிடம் காட்டுகிறோம். தேய்ந்துவிட்டதாம். அப்பாதான் சாயங்காலம் தைலம் தேய்த்துவிடுகிறார். "சாமிய ஏமாத்திட்டமா மேஸ்திரி?" என்று அம்மா கேட்டால் அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கிறார்.

நான் ஆஃபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பது வேறு. நடுவில் ஒரு நாள் இருந்திருக்கும். அப்பாவின் கால் ஏறியிருக்கும், அம்மாவின் முட்டியும் தாங்கியிருக்கும் ஒரு நாள். அன்றைக்கு அம்மா வழக்கம்போல வேலைக்குப் போயிருப்பார்கள். அப்பா மீன் கழுவிக்கொண்டிருந்திருப்பார். நான் செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

எந்த நாள் என்று தெரியாமலே அது போய்விட்டது...