ஃபிரிட்ஜ் பார்க்கப் போய் கார்டுக்குக் கையெழுத்து போட்டேன்

இந்த வெயிலில் நான் அரைத்து விற்கும் இட்லி மாவு மதியத்துக்குள் புளித்துவிடுகிறது. இன்று கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்கு ஃபிரிட்ஜ் பார்க்கப் போனேன்.

கிரெடிட் கார்டு இருந்தால்தான் தவணையில் தருவார்களாம். கடை வாசலிலேயே ஒரு பெண் மேசை போட்டு கார்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். என் பான் நம்பரை போனில் தட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு சிபில் ஸ்கோரே இல்லக்கா. லோன் எதுனா வாங்கிருக்கீங்களா?"

"சீட்டு கட்றேன். அடகுக்கடையில நகை வச்சி ஒழுங்கா மூட்டிருக்கேன்."

"அதெல்லாம் கணக்குல வராதுக்கா."

"அப்போ இன்னாதான் பண்றது?"

"ஒரு கார்டு வாங்கி கரெக்டா கட்டிக்கினு வந்தா ஸ்கோர் ஏறும்."

அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

"உன்கிட்ட கார்டு இருக்குதாம்மா?"

"எனக்கும் தரமாட்டேன்னுட்டாங்கக்கா."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கும் கெடைக்காது. இருந்தாலும் ஃபாரம் போடுங்கக்கா. காலையிலிருந்து ஒண்ணுகூட ஆவல, மேனேஜர் திட்டுவாரு."

கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். இனி என் பெயரிலும் ஒரு வரலாறு இருக்கும்: கேட்டாள், இல்லை என்றார்கள்.

மாவு புளிக்காமல் இருக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.